நமது காற்று, யாருடைய உரம்?

தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரனார் பெயர் தாங்கிய துறைமுகத்தில் 2025-ம் வருஷம் செப்டம்பர் மாதம் ஒரு சிறு யந்திரம் ஓட்டிவைக்கப்பட்டது. தண்ணீரை மின்சாரத்தால் பிரித்து ஹைட்ரஜன் வாயுவை எடுக்கும் யந்திரம் அது. மணிக்குப் பத்துக் கன மீட்டர் வாயு எடுக்கும். அதற்கான செலவு 3.87 கோடி ரூபாய். துறைமுகக் குடியிருப்பின் தெருவிளக்குகளுக்கும், மின்சார வண்டிகளுக்குச் சக்தி ஏற்றும் ஒரு நிலையத்துக்கும் அந்த வாயு பயன்படும் என்று அறிவித்தார்கள். மின்சாரத்தைக் கொண்டு வாயு எடுத்து, அந்த வாயுவைக் கொண்டு மறுபடியும் மின்சாரம் எடுத்து விளக்கெரிப்பது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவதல்லவா என்று சிரித்தவர்கள் உண்டு. சோதனைக்காக வைத்த யந்திரத்தைப் பார்த்துச் சிரிப்பது எளிது. அதை விட்டுவிடுவோம்.

நாம் இதைப் பற்றி எழுத முன்வந்தது விளக்குக்காக அல்ல, வயலுக்காக. இதே இனத்தைச் சேர்ந்த பெரிய யந்திரங்களை அதே கடற்கரையில் வரிசையாக நிறுத்தவேண்டுமென்றும், அவை தரும் ஹைட்ரஜனை அம்மோனியாவாக மாற்றவேண்டுமென்றும் பெரும் யோசனைகள் நடந்து வருகின்றன. மத்திய சர்க்கார் 2023-ம் வருஷம் ஜனவரி 4-ம் தேதி தேசிய பசுமை ஹைட்ரஜன் திட்டத்துக்கு அனுமதி அளித்தது. அதற்கு ஒதுக்கிய தொகை 19,744 கோடி ரூபாய். 2030-க்குள் வருஷத்துக்கு 50 லட்சம் டன் ஹைட்ரஜன் என்பது அதன் இலக்கு. இத்தொழிலுக்கு நிலைக்களமாகக் குறிக்கப்பட்ட துறைமுகங்கள் மூன்று: காண்ட்லா, பாரதீப், தூத்துக்குடி. ஆகவே அம்மோனியா வரும் என்றே வைத்துக்கொள்ளலாம். யாருக்காக வருகிறது என்பதே நமது கேள்வி. அந்தக் கேள்விக்கு இன்றுவரை தெளிவான பதில் எழுத்தில் இல்லை என்று சொல்லவேண்டியிருக்கிறது.

விஷயத்தை முதலிலிருந்து சொல்லுவது நல்லது. ஈயம் பூசுகிறவர் சூடேறிய பாத்திரத்தில் தேய்க்கும் நவச்சாரம் அம்மோனியாவின் உப்புகளில் ஒன்று. அம்மோனியா என்பது நைட்ரஜனும் ஹைட்ரஜனும் கூடிய வாயு. நாம் சுவாசிக்கும் காற்றில் ஐந்தில் நான்கு பங்குக்குச் சற்றுக் குறைவாக நைட்ரஜனே இருக்கிறது. இருந்தும் நெற்பயிர் அதைக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்ளச் சக்தியற்றது. கடல் நடுவே தாகத்தால் வாடுகிறவனைப் போல, பயிர் நைட்ரஜன் நடுவே நின்று நைட்ரஜனுக்கு ஏங்குகிறது. 1909-ம் வருஷம் ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் ஹேபர் என்ற ரசாயன சாஸ்திரி அந்தக் காற்று நைட்ரஜனை ஹைட்ரஜனோடு மிகுந்த அழுத்தத்திலும் வெப்பத்திலும் சேர்த்து அம்மோனியா ஆக்கிக் காட்டினார். கார்ல் போஷ் அதைத் தொழிற்சாலை அளவுக்குப் பெருக்கினார். 1913-ல் ஓப்பாவில் முதல் ஆலை ஓடிற்று. அடுத்த வருஷமே யுத்தம் மூண்டதால் அந்த ஆலையின் சரக்கு வயலுக்குப் போவதற்குப் பதிலாக வெடிமருந்துக்குப் போயிற்று. இன்று உலகத்தில் வருஷத்துக்குச் சுமார் 18 கோடி டன் அம்மோனியா உற்பத்தியாகிறது. அதில் பத்தில் ஏழு பங்கு உரமாகிறது.

ஒரு டன் அம்மோனியாவில் சுமார் 820 கிலோ நைட்ரஜன். மீதி 180 கிலோவுக்குச் சற்றுக் குறைய ஹைட்ரஜன். நைட்ரஜன் காற்றில் இலவசமாகக் கிடக்கிறது. வழக்கு முழுவதும் அந்த 180 கிலோவைப் பற்றியதே. இன்று அதைப் பெரும்பாலும் இயற்கை வாயுவிலிருந்து எடுக்கிறார்கள். சீன தேசத்தில் பெரும்பாலும் நிலக்கரியிலிருந்து எடுக்கிறார்கள். இப்படி எடுப்பதில் உலகமெங்கும் வருஷத்துக்குச் சுமார் 45 கோடி டன் கரியமில வாயு ஆகாயத்துக்குப் போகிறது. மழை தவறுவதும் கடல் சூடேறுவதும் எதனால் என்று நமது வாசகர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. உழவனுக்குச் சோறு போடும் பொருளே அவனது மழையைக் கெடுக்கிறது என்பது சற்று விசித்திரமான நிலைமை.

அந்த 180 கிலோவைத் தண்ணீரிலிருந்து, காற்றாலையும் சூரியனும் தரும் மின்சாரத்தால் எடுத்துவிட்டால் போதும். ஹேபர் முறையின் மற்றப் பகுதி அப்படியே இருக்கும். இதற்குத்தான் ‘பசுமை அம்மோனியா’ என்று பெயரிட்டிருக்கிறார்கள். அம்மோனியாவுக்கு நிறம் கிடையாது. வியாபாரிகளுக்கு நிறம் வேண்டியிருக்கிறது.

இது நேற்றுப் பிறந்த வித்தை என்று நினைப்பவர்கள் பஞ்சாபிலுள்ள நங்கலை மறந்தவர்கள். பக்ரா நங்கல் நீர்மின்சாரத்தைக் கொண்டு தண்ணீரைப் பிரித்து, அம்மோனியா செய்து, உரமாக்கும் தொழிற்சாலை அங்கே 1961-ல் ஓடத்தொடங்கிற்று. மணிக்குச் சுமார் 30,000 கன மீட்டர் ஹைட்ரஜன் எடுக்கும் சாதனங்கள் அதில் இருந்தன. தூத்துக்குடியில் இப்பொழுது வைத்திருப்பதைப் போல மூவாயிரம் மடங்கு! நார்வே தேசம் அதற்கும் முன்பே நீர்வீழ்ச்சிகளைக் கொண்டு இதைச் செய்தது. எகிப்தில் அஸ்வான் அணையருகேயும் செய்தார்கள். சுதந்திரமடைந்து பதினான்கு வருஷத்துக்குள் நிலக்கரியும் எண்ணெயும் இல்லாமல் உரம் செய்த தேசம், பிறகு ஏன் அதைக் கைவிட்டது?

காரணம் ரசாயனத்தில் இல்லை. எண்ணெய் மலிவாகக் கிடைத்த காலம் அது. மறுபுறம், பக்ராவின் மின்சாரத்தைப் பஞ்சாப், ஹரியானா கிணறுகளும் பட்டணங்களும் கேட்டன. தொழிற்சாலைக்கு வேண்டிய மின்சாரம் வேண்டிய பொழுதெல்லாம் கிடைக்கவில்லை. 1978-ல் நங்கலில் எழுந்த புதிய ஆலை உலை எண்ணெயைக் கொண்டு ஓடிற்று. 2013-ல் அது இயற்கை வாயுவுக்கு மாறிற்று. ஆக, தண்ணீரில் தொடங்கி, எண்ணெய் வழியாக வாயுவில் வந்து நின்றோம். இப்பொழுது மறுபடியும் தண்ணீரில் தொடங்கப்போகிறோம். பெரு தேசத்தில் கஸ்கோ நகருக்கருகே 1960-களில் இதே முறையில் ஏற்பட்ட ஒரு சிறு தொழிற்சாலை, சுரங்கங்களுக்கு வேண்டிய வெடியுப்பைச் செய்துகொண்டு இன்றும் பிழைத்திருக்கிறது. உள்நாட்டில் நிச்சயமான வாடிக்கைக்காரன் இருக்கிறான். மலைநீரின் மின்சாரமும் இருக்கிறது. இவ்விரண்டும் உள்ள இடத்தில் இத்தொழில் சாவதில்லை என்று நாம் முடிவு கட்டுகிறோம்.

எவ்வளவு மின்சாரம் வேண்டும்? ஒரு டன் அம்மோனியாவுக்குச் சுமார் 10,000 யூனிட். நமது வீடுகளில் இரண்டு மாதத்துக்கு நானூறு ஐநூறு யூனிட் ஆனாலே கட்டணச்சீட்டைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறோம். ஒரு நடுத்தரக் குடும்பம் மூன்று நான்கு வருஷம் செலவழிக்கும் மின்சாரம் ஒரு டன் அம்மோனியாவுக்குப் போகிறது. வருஷத்துக்குப் பத்து லட்சம் டன் செய்யும் ஆலைக்கு ஆயிரம் கோடி யூனிட் வேண்டும். அல்லும் பகலும் ஓயாமல் 1,100 மெகாவாட்டுக்கு மேல் அது இழுத்துக்கொண்டிருக்கும். சூரியனை மட்டும் நம்பினால், இரவும் மேகமும் போக, 4,000 மெகாவாட்டுக்கு மேற்பட்ட தகடுகளைப் பரப்பவேண்டும். தமிழ்நாட்டிலுள்ள காற்றாலைகளின் மொத்த சக்தி 10,000 மெகாவாட்டுக்கு மேல். ஆனால் ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று வீசுவது வைகாசியிலிருந்து புரட்டாசி வரையில்தான் பலமாக. ஹேபர் உலையோ நினைத்தபொழுது அவிழ்த்து நினைத்தபொழுது பூட்டும் வண்டி மாடு அல்ல. 400 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்திலும் நூறு மடங்குக்கு மேற்பட்ட காற்றழுத்தத்திலும் அது சீராக ஓடவேண்டும்.

இங்கேதான் சூது நுழைய இடமிருக்கிறது. சர்க்கார் 2022 பிப்ரவரியில் வெளியிட்ட கொள்கைப்படி, மிகுதியான சூரிய மின்சாரத்தையும் காற்று மின்சாரத்தையும் மின்வாரியத்திடம் முப்பது நாள் வரை இருப்பு வைத்துப் பிறகு எடுத்துக்கொள்ளலாம். பகலில் போட்டு இரவில் எடுப்பார்கள். இரவில் எடுக்கும் மின்சாரம் எங்கிருந்து வருகிறது? இன்றைய நிலைமையில் பெரும்பாலும் நிலக்கரி உலையிலிருந்து. 2023 ஆகஸ்டில் வகுத்த அளவுகோலோ, ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு இரண்டு கிலோ கரியமில வாயுவுக்கு மேல் வரக்கூடாது என்கிறது. ஆனால் பன்னிரண்டு மாதச் சராசரியில் கணக்குப் பார்த்துக்கொள் என்கிறது. வக்கீல் தொழிலில் இருப்பவர்களுக்குச் சராசரி என்ற சொல்லைக் கண்டால் பேனாவை எடுக்கத் தோன்றும். நிலக்கரி மின்சாரத்தில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் ஒரு கிலோ கரியமில வாயு. முழுவதும் அதைக் கொண்டே அம்மோனியா செய்தால் ஒரு டன்னுக்கு 10 டன் கரியமில வாயு வரும். இயற்கை வாயுவிலிருந்து செய்தால் ஏறக்குறைய இரண்டு டன்தான். காகிதத்தில் பசுமையாகவும் காற்றில் கருமையாகவும் உள்ள சரக்குக்கு மானியம் கொடுப்பதைவிடப் பழைய முறையே மேல் என்று சொல்ல நாம் தயங்கமாட்டோம். புதிய தொழிற்சாலைக்குப் புதிய காற்றாலையும் புதிய சூரியத் தகடும் வேண்டும். ஓடும் மணிக்கும் மின்சாரம் வரும் மணிக்கும் பொருத்தம் காட்டவேண்டும். பஞ்சாபின் கிணறுகளுக்கும் நங்கலுக்கும் நேர்ந்த சண்டை இங்கே பம்புசெட்டுக்கும் தூத்துக்குடிக்கும் நேர்ந்தால், எந்தக் கட்சி அதிகாரத்திலிருந்தாலும் தொழிற்சாலைதான் தோற்கும், தோற்கவும் வேண்டும்.

இனி விலை. 2025-ம் வருஷம், உரச்சாலைகளுக்குப் பசுமை அம்மோனியா வழங்க சர்க்கார் ஸ்தாபனமான சோலார் எனர்ஜி கார்ப்பொரேஷன் ஏலம் நடத்திற்று. பதின்மூன்று உரச்சாலைகளுக்கு வருஷத்துக்கு 7.24 லட்சம் டன். விலை பத்து வருஷத்துக்கு மாறாதது. ஜூலையில் முடிந்த முதல் ஏலத்தில் பாரதீப் உரச்சாலைக்குக் கிலோ 55 ரூபாய் 75 காசுக்குத் தர ஒருவர் ஒப்புக்கொண்டார். அதாவது டன் 55,750 ரூபாய். சாதாரண நாட்களில் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வரும் அம்மோனியா இதைவிட மலிவு. இது உண்மை, மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் சாதாரண நாட்கள் என்பவை எத்தனை? 2022 பிப்ரவரியில் உக்ரைன் யுத்தம் தொடங்கியபொழுது, ருஷ்யாவின் டோல்யாட்டியிலிருந்து ஒடெஸா துறைமுகம் வரை 2,400 கிலோமீட்டருக்கு மேல் செல்லும் அம்மோனியாக் குழாய் மூடப்பட்டது. ஐரோப்பாவில் வாயு விலை ஏறியதால் ஆலைகள் பல நின்றன. அந்த வருஷம் ஏப்ரல் மாதம் அமெரிக்காவின் டாம்பா துறைமுகத்தில் அம்மோனியா டன் 1,600 டாலரைத் தாண்டிற்று. நமது நாணயத்தில் ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய்க்கு மேல். யுத்தம் செய்தவர்கள் யாரோ. விலை கொடுத்தவர்கள் நாம். நமது உரச்சாலைகள் உபயோகிக்கும் வாயுவில் பெரும்பகுதி திரவமாக்கப்பட்டுக் கப்பலில் வருகிறது. அம்மோனியாவையும் நேராக இருபது லட்சம் டன் அளவில் வருஷந்தோறும் வாங்குகிறோம். 2022–23-ம் வருஷத்தில் உர மானியத்துக்குப் போனது சுமார் இரண்டரை லட்சம் கோடி ரூபாய். பசுமை ஹைட்ரஜன் திட்டத்துக்கு ஒதுக்கிய தொகையைப் போலப் பன்னிரண்டு மடங்குக்கு மேல் ஒரே வருஷத்தில் கரைந்தது. பத்து வருஷத்துக்கு மாறாத 55,750 ரூபாய் என்பதை இந்தக் கணக்கோடு வைத்துப் பார்க்கவேண்டும்.

இதில் இன்னோர் அபாயமும் உண்டு. அதைச் சொல்லத் தூத்துக்குடியைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. 1906-ல் சிதம்பரம் பிள்ளையவர்கள் சுதேசிக் கப்பல் கம்பெனியை ஆரம்பித்தார்கள். எதிரே இருந்த ஆங்கிலக் கம்பெனி என்ன செய்தது? பிரயாணக் கட்டணத்தைக் குறைத்தது, பின்னும் குறைத்தது. அதிகாரிகளும் அந்தப் பக்கமே நின்றார்கள். 1908-ல் பிள்ளையவர்கள் சிறைக்குப் போனார்கள், கம்பெனி நொடித்தது. கப்பல் ஓட்டத் தெரியாமல் அது மூழ்கவில்லை. பெரிய முதலாளி நஷ்டத்தைத் தாங்கிக் கட்டணத்தைக் குறைக்கும் வரையில் சிறிய முதலாளியால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. நாளை வாயு மலியும் ஒரு வருஷத்தில், வளைகுடாவிலிருந்து வரும் அம்மோனியா டன் முப்பதாயிரத்துக்குக் கிடைக்கும். அன்று நமது உரச்சாலை முதலாளி பசுமை அம்மோனியா ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள வழி தேடுவார். மனிதன் இயற்கை அது. அந்த வழியை இப்பொழுதே அடைத்து வைக்கவேண்டும். பத்து வருஷ ஒப்பந்தம் என்றால் பத்து வருஷந்தான். விலை வித்தியாசத்தை உழவன் தலையில் ஏற்றாமல், மானியக் கணக்கில் வெளிப்படையாக எழுதிச் சட்டசபைகளின் முன் வைக்கவேண்டும்.

உழவன் வாங்குவது அம்மோனியா அல்ல, யூரியா. 45 கிலோ மூட்டை, வேப்பெண்ணெய்ப் பூச்சும் வரியும் நீங்கலாக, 242 ரூபாய். இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது. பசுமை அம்மோனியாவைப் பற்றிப் பேசும் பிரசங்கிகள் பெரும்பாலும் அதைத் தொடுவதில்லை. யூரியா செய்ய அம்மோனியா மட்டும் போதாது. கரியமில வாயுவும் வேண்டும். ஒரு டன் யூரியாவுக்கு முக்கால் டன் அளவு வேண்டும். இயற்கை வாயுவிலிருந்து ஹைட்ரஜன் எடுக்கும் ஆலையில் அது கூடவே வருகிறது. தண்ணீரிலிருந்து எடுத்தால் வராது. வெளியிலிருந்து கொண்டுவந்து சேர்த்தாலும், யூரியாவை வயலில் இட்டதும் அது மறுபடி ஆகாயத்துக்கே போகிறது. ஆகையால் பசுமை அம்மோனியா முதலில் போகவேண்டிய இடம் டை அம்மோனியம் பாஸ்பேட்டும், காம்ப்ளெக்ஸ் உரங்களும், அம்மோனியம் சல்பேட்டும். அவற்றுக்குத்தான் இறக்குமதி அம்மோனியா பெரும்பாலும் செலவாகிறது. 2025-ம் வருஷத்து ஏலமும் இந்த வழியிலேயே நடந்தது. அந்த அளவில் அதிகாரிகளைப் பாராட்டுகிறோம். யூரியாவை மட்டும் அடிமட்ட விலைக்கு விற்று, மற்ற உரங்களை ஏறவிட்டு, உழவனை யூரியாவின்மேல் மோகம் கொள்ளச் செய்திருக்கும் பழக்கத்தை மாற்றாமல் இந்த யோசனை நெடுந்தூரம் போகாது. அது தனியாக எழுதவேண்டிய விஷயம்.

ரசாயன உரமே வேண்டாம், சாணமும் தழையும் போதும் என்று சொல்லும் அன்பர்கள் நமக்குக் கடிதம் எழுதுவார்கள். தழையுரத்தின் பெருமையை நாம் மறுக்கவில்லை. மண்ணுக்கு அது வேண்டும். ஆனால் 2021-ல் இலங்கை சர்க்கார் ஒரே இரவில் ரசாயன உர இறக்குமதியை நிறுத்தியதும், விளைச்சல் வீழ்ந்து அதே வருஷம் நவம்பரில் உத்தரவை வாபஸ் வாங்கியதும் எல்லோரும் கண்ட சங்கதி. அந்தச் சோதனையின் செலவை உழவர்கள் கொடுத்தார்கள்.

இப்பொழுது மூலக் கேள்விக்கு வருகிறோம். தூத்துக்குடியில் வரும் அம்மோனியா யாருக்கு? மேலே சொன்ன 2022-ம் வருஷத்துக் கொள்கையின் வாசகத்தை எடுத்துப் படித்தால், துறைமுகங்களுக்கருகே அம்மோனியாக் கிடங்குகள் அமைக்க அனுமதி எதற்கென்று சொல்லியிருக்கிறது: ஏற்றுமதிக்கும், கப்பல்களின் உபயோகத்துக்கும். உரச்சாலை என்ற சொல் அந்த வாக்கியத்தில் இல்லை. அதே கொள்கையில், மாநிலம் விட்டு மாநிலம் மின்சாரம் கொண்டுவரும் கட்டணம் இந்தத் தொழிலுக்கு 25 வருஷம் தள்ளுபடி. அந்தக் கம்பிகளைப் போட்ட செலவு தள்ளுபடியாவதில்லை. மற்ற மின்சார உபயோகஸ்தர்கள் தலையில் விழுகிறது. அதாவது நமது ஜனங்கள் கொடுக்கும் பணத்தில் நமது காற்றும் வெயிலும் திரவமாகிக் கப்பலேறலாம்.

இந்தியாவிலிருந்து பசுமை அம்மோனியா வாங்க ஜப்பானியக் கம்பெனிகள் 2024-ல் முன்னுடன்படிக்கைகள் செய்துகொண்டன. அதே வருஷம் ஹெகினான் என்ற ஊரிலுள்ள நிலக்கரி மின்நிலையத்தில், நிலக்கரியோடு ஐந்தில் ஒரு பங்கு அம்மோனியாவைக் கலந்து எரித்துப் பார்த்தார்கள். ஜப்பானியரின் திறமையில் நமக்கு மதிப்பு உண்டு. ஆனால் கணக்கைப் பாருங்கள். இங்கே 10,000 யூனிட் மின்சாரத்தைச் செலவழித்து ஒரு டன் அம்மோனியா செய்கிறோம். அதை எரித்தால் வரும் வெப்பம் 5,200 யூனிட்டுக்குச் சமம். மின்நிலையத்தில் அதில் ஐந்தில் இரண்டு பங்கே மின்சாரமாகத் திரும்பும். சுமார் 2,000 யூனிட். இங்கே பத்து, அங்கே இரண்டு! கப்பல் செலவை நாம் சேர்க்கவேயில்லை. அந்தப் பத்தையும் இங்கேயே கம்பியில் விட்டால், தூத்துக்குடி அனல் மின்நிலையத்தில் எரியும் நிலக்கரியை அந்த அளவுக்குக் குறைக்கலாம். அல்லது உரமாக்கினால், வளைகுடாவிலிருந்து வரும் ஒரு டன்னைத் தடுக்கலாம். உலகத்தின் கரியமில வாயுவைக் குறைப்பதே நோக்கமென்றால் இவ்விரண்டில் ஒன்றே நேர்வழி.

ஏற்றுமதி வேண்டுமென்பவர்களின் வாதத்தையும் சொல்லிவிடவேண்டும். எதிர்க்கட்சியின் வாதத்தை மறைத்து ஜயிப்பது ஜயமல்ல. ஐரோப்பியரும் ஜப்பானியரும் அதிக விலை கொடுப்பார்கள். அந்த நம்பிக்கையில்தான் முதல் வரும். முதல் வந்தால் யந்திரம் மலியும். யந்திரம் மலிந்தால் பிறகு நமக்கும் மலிவாகக் கிடைக்கும் என்கிறார்கள். இதில் பாதி உண்மை இருக்கிறது. மின்பிரிப்பு யந்திரங்களின் விலை குறைவது எத்தனை யந்திரம் வாங்கப்படுகிறது என்பதைப் பொறுத்தது. ஆனால் வாங்குகிறவன் அன்னியனாகத்தான் இருக்கவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. 7.24 லட்சம் டன்னுக்கு உள்நாட்டிலேயே வாடிக்கை கிடைத்ததை ஒரே ஏலம் காட்டிவிட்டது. இறக்குமதியில் மூன்றில் ஒரு பங்குதான் அது. மீதி இரண்டு பங்கு காத்திருக்கிறது. ஏற்றுமதியைத் தடுக்கவேண்டுமென்று நாம் சொல்லவில்லை. அவரவர் சொந்த முதலில், முழுக்கட்டணம் செலுத்தி, விற்பதை விற்கட்டும். பொதுப்பணத்தில் தள்ளுபடி வாங்கிய சரக்கு முதலில் பொதுஜனங்களின் வயலைப் பார்க்கவேண்டும் என்பதே நமது கட்சி.

ஆலை நிற்கப்போகும் ஊரைப் பற்றிச் சில வார்த்தைகள். தாமிரவருணித் தண்ணீரை ஸ்ரீவைகுண்டம் அணையிலிருந்து தொழிற்சாலைகளுக்குக் கொண்டுபோவதை எதிர்த்து விவசாயிகள் நியாயஸ்தலம் ஏறிய ஊர் அது. புதிய ஆலைக்கும் தண்ணீர் வேண்டும். ரசாயனக் கணக்குப்படி ஒரு டன் அம்மோனியாவுக்கு 1,600 லிட்டர். சுத்தம் செய்வதற்கும் குளிர்விப்பதற்கும் சேர்த்தால் அதைப் போலச் சில மடங்கு. ஆனால் கடல்நீரை நன்னீராக்க ஆயிரம் லிட்டருக்கு மூன்று நான்கு யூனிட் போதும். அம்மோனியாவுக்கே 10,000 யூனிட் செலவழிக்கிறவன், தண்ணீருக்காக முப்பது நாற்பது யூனிட் சேர்த்துச் செலவழிப்பதில் நொந்துபோகமாட்டான். ஆகவே ஆற்றிலிருந்து ஒரு குடம் தண்ணீர்கூட எடுக்க இவர்களுக்கு நியாயம் இல்லை. மலிவு என்பதற்காக எடுக்கத் துணிந்தால், முறப்பநாட்டிலிருந்து ஆத்தூர் வரையுள்ள குடியானவர்களுக்கு இந்தப் பத்திரிகையின் பத்திகள் திறந்திருக்கும். கடல்நீரைப் பிரித்தபின் மிஞ்சும் கரிப்பை மீன்பாட்டில் கொண்டுபோய் விடாமல் பார்ப்பதும், உப்பளத் தொழிலாளிகளின் பிழைப்புக்கு வழி சொல்லாமல் அளங்களை வளைக்காமலிருப்பதும் இதைச் சேர்ந்தவை.

அம்மோனியா விஷவாயு என்பதையும் மறைக்கக்கூடாது. 2023-ம் வருஷம் டிசம்பர் கடைசியில் எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அது கசிந்து, நடுநிசியில் பெரியகுப்பத்து ஜனங்கள் மூச்சுத் திணறி வீட்டைவிட்டு ஓடினார்கள். பலர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். தூத்துக்குடியிலோ 2018-ம் வருஷம் மே 22-ம் தேதி தாமிர ஆலையை எதிர்த்து ஊர்வலம் வந்தவர்கள்மேல் துப்பாக்கிப் பிரயோகம் நடந்து பதின்மூன்று பேர் உயிரிழந்தனர். அந்த ஊர் ஜனங்களிடம் போய், இது பசுமையான தொழில், நம்புங்கள் என்று ஒரு பிரசுரத்தை நீட்டினால் போதாது. கிடங்கு எங்கே, குழாய் எந்தத் தெருவுக்கு எவ்வளவு தூரத்தில், கசிந்தால் எச்சரிக்கை மணி எங்கே ஒலிக்கும், எந்த ஆஸ்பத்திரியில் எத்தனை படுக்கை என்பதைத் தமிழில் அச்சிட்டு, அனுமதி கொடுப்பதற்கு முன்பே கொடுக்கவேண்டும்.

துறைமுக நிலத்தைக் கம்பெனிகளுக்குக் குத்தகைக்கு விடும் காரியம் நடக்கும் சமயம் இது. குத்தகைப் பத்திரம் பதிவானபின் சட்டசபையில் கேள்வி கேட்பதால் பயன் குறைவு. பதிவாகுமுன் கேட்டால் ஒரு ஷரத்தைச் சேர்க்கலாம். நாமே அதை எழுதித் தருகிறோம்: “இந்நிலத்தில், மின்கடத்தல் கட்டணத் தள்ளுபடியோ வேறு பொது மானியமோ பெற்று உற்பத்தியாகும் அம்மோனியாவில் பாதிக்குக் குறையாத பகுதியை, ஏலத்தில் நிர்ணயமான விலைக்கு முதலில் வாங்கிக்கொள்ளும் பாத்தியதை இந்நாட்டு உரச்சாலைகளுக்கு உண்டு, அவை மறுத்த பகுதியையே குத்தகைதாரர் வெளிநாட்டுக்கு விற்கலாம், குத்தகைதாரர் தாமிரவருணியின் தண்ணீரை எவ்வகையிலும் உபயோகிக்கக்கூடாது.” சென்னையிலும் டில்லியிலும் உள்ள நமது பிரதிநிதிகள், கட்சி வேற்றுமையின்றி, அடுத்த கூட்டத்தொடரில் இந்த ஷரத்தைக் குறித்து மந்திரிகளிடம் எழுத்துமூலமான பதிலைக் கேட்கவேண்டும். பதில் வந்ததும் அதை இதே பக்கத்தில் வெளியிடுவோம். வராவிட்டால் வரவில்லையென்பதையும் வெளியிடுவோம்.